கேஸ் கீசர் வாங்கலாமா? மாசம் 140 ரூபாய் மிச்சமும், யாரும் சொல்லாத ஒரு ஜன்னல் கணக்கும்



போன வாரம் செந்துறையிலிருந்து அம்மா போன் பண்ணாங்க. "ஏம்ப்பா, அப்பாவுக்கு முட்டி வலி அதிகமாயிடுச்சு. மார்கழி வந்தா காலையில பச்சைத் தண்ணில குளிக்க முடியல. கடையில கேஸ் கீசர் 5,500 ரூபாய்க்குத் தர்றாங்களாம். கரண்ட் செலவே இல்லையாம். வாங்கிடவா?"

"ரெண்டு நாள் பொறும்மா, கணக்குப் போட்டுச் சொல்றேன்"னு வச்சுட்டேன்.

5,500 ரூபாய்க்கு எதுக்கு ரெண்டு நாள்னு நீங்க நினைக்கலாம். காரணம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி பெங்களூர் ரூம்ல இதே பொருளை ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணி வாங்கினோம். அதுக்கு நாங்க கொடுத்த விலை 5,500 இல்லை. வீடியோவில் இதைச் சுருக்கமாத்தான் சொல்ல முடிஞ்சது. கணக்கு, மாட்டும் முறை, பராமரிப்பு எல்லாத்தையும் இங்க முழுசா எழுதுறேன். வேலைக்காக ஓசூர், பெங்களூர், கோயம்புத்தூர்னு போய் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

அன்னைக்கு என்ன நடந்தது?

நாங்க மூணு பேர், ரெண்டாவது மாடி, ஒரு சின்ன வீடு. ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார். கரண்ட் கீசர் வேண்டாம், கேஸ் கீசர்னா மிச்சம்னு வாங்கினோம். மாட்ட வந்தவர் பாத்ரூம் சுவத்துலயே மாட்டிட்டுப் போயிட்டார். எங்களுக்கும் அது தப்புன்னு தெரியல.

டிசம்பர் மாசம். குளிர் உள்ள வருதுன்னு வென்டிலேட்டரை நாங்களே அட்டை வச்சு அடைச்சிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட் குளிக்கப் போனான். இருபது நிமிஷம் ஆச்சு. தண்ணி சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்கு. திடீர்னு மக் விழுந்த சத்தம். கூப்பிட்டோம், பதில் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து தாழ்ப்பாளை உடைச்சு வெளியே இழுத்தோம். 108-க்கு போன் பண்ணி, ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சாங்க. பிழைச்சுட்டான். டாக்டர் சொன்னது ஒரே வரி: "இன்னும் பத்து நிமிஷம் லேட்டா பார்த்திருந்தா கஷ்டம்."

கேஸ் வாசனை துளிகூட வரல. கேஸ் லீக்கே ஆகல. அப்புறம் எப்படி? இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சுடும்.

கேஸ் கீசர் எப்படி வேலை செய்யுது?

கரண்ட் கீசர்ல தொட்டி நிறைய தண்ணி இருக்கும், அதைக் காய்ச்சி வச்சிருக்கும். கேஸ் கீசர்ல தொட்டியே கிடையாது. குழாயைத் திறந்ததும் தண்ணியோட அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அது கேஸ் வால்வைத் திறக்கும். ரெண்டு பேட்டரி கொடுக்கிற பொறியில பர்னர் பத்திக்கும். மேலே செம்புக் குழாய் சுத்தின ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ள தண்ணி ஓடும்போதே சூடாகி வெளியே வந்துடும். குழாயை மூடினா கேஸும் நின்னுடும்.

நம்ம சமையல் அடுப்புல பெரிய பர்னர் ரெண்டு, மூணு கிலோவாட் சூடு கொடுக்கும். ஒரு சாதாரண 6 லிட்டர் கேஸ் கீசர் கொடுக்கிறது சுமார் 12 கிலோவாட். அதாவது நாலஞ்சு பெரிய பர்னரை ஒண்ணா எரிய விட்ட மாதிரி. அதை நாம ஆறடிக்கு அஞ்சடி பாத்ரூம்ல, கதவைத் தாழ் போட்டுட்டு எரிய விடுறோம்.

பாத்ரூம்ல எவ்வளவு காத்து இருக்கு?

பணக் கணக்குக்கு முன்னாடி காத்துக் கணக்கு. ஒரு கிலோ எல்பிஜி முழுசா எரியறதுக்குச் சுமார் 12-லிருந்து 13 கன மீட்டர் காத்து வேணும். 12 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் எரிக்கும். அப்போ 20 நிமிஷக் குளியலுக்கு 4 கன மீட்டர் காத்து.

இப்ப பாத்ரூம் அளவு: 5 அடி, 6 அடி, 8 அடி உயரம். மொத்தம் 240 கன அடி, அதாவது 6.8 கன மீட்டர்.

பார்த்தீங்களா? அடைச்சு வச்ச பாத்ரூம்ல 20 நிமிஷம் ஷவர்ல நின்னா, உள்ளே இருக்கிற காத்துல பாதிக்கு மேல கீசருக்கே போயிடும். நீங்க மூச்சு விட வேண்டிய காத்தும் அதேதான்.

அதோட முடியல. ஆக்சிஜன் குறைஞ்சா கேஸ் அரைகுறையா எரியும். அப்போ வர்றதுதான் கார்பன் மோனாக்சைடு. இதுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணு எரியாது, இருமல் வராது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும், காலு துவளும். வெளியே வரணும்னு தோணும்போது எழுந்திருக்கத் தெம்பு இருக்காது.

சிலிண்டர் கேஸ் லீக் ஆனா நாத்தம் வரணும்னு எத்தில் மெர்காப்டான்னு ஒரு பொருளைக் கலக்குறாங்க. அது எரியாத கேஸுக்கு மட்டும்தான். எரிஞ்சு வர்ற புகைக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. "வாசனை வரல, அதனால பிரச்சினை இல்லை"ன்னு நினைக்கிறது இங்கதான் தப்பாப் போகுது.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2025 அக்டோபர்ல மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில் அக்கா, தங்கச்சி ரெண்டு பேர் கேஸ் கீசர் இருந்த பாத்ரூம்லயே இறந்து போனாங்க. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி அடுப்பை வச்சுட்டுத் தூங்கின ரெண்டு பேர் காலையில எழுந்திருக்கல. ஒண்ணு கேஸ், இன்னொண்ணு கரி. அடைச்ச அறைக்குள்ள நெருப்பு எரிஞ்சதுங்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

எங்க வீட்டுல வெந்நீர் அடுப்பு எப்பவும் கொல்லையிலதான் இருக்கும். முந்திரிக் கிளையை வச்சு எரிச்சு, அண்டாவுல சுட வச்சு, வாளியில மொண்டு பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போவோம். நெருப்பு வெளியே, தண்ணி மட்டும் உள்ளே. பாட்டி காலத்துல இருந்த அந்த ஏற்பாட்டை நாங்க படிச்சு வேலைக்குப் போன பிறகு தலைகீழாக்கிட்டோம்.

சரி, உண்மையிலேயே எவ்வளவு மிச்சம்?

கணக்குக்கு 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னு வச்சுக்குவோம். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கங்க. ஒரு கிலோ எல்பிஜியில சுமார் 12.7 யூனிட் அளவுக்குச் சூடு இருக்கு.

பெங்களூர் ரூம் (3 பேர்):
- ஆளுக்கு 20 லிட்டர், மொத்தம் 60 லிட்டர். 20 டிகிரி சூடேத்தணும்.
- அதுக்குத் தேவையான சூடு: ஒரு நாளைக்கு 1.4 யூனிட். மாசத்துக்கு 42 யூனிட்.
- கரண்ட் கீசர்: தொட்டி ஆறிப் போற நஷ்டத்தையும் சேர்த்து 50 யூனிட். 8 ரூபாய் வீதம் 400 ரூபாய்.
- கேஸ் கீசர்: 80 சதவீதம் திறன்னு வச்சா சுமார் 4.1 கிலோ கேஸ். கிலோ 63 ரூபாய் வீதம் 260 ரூபாய்.
- மிச்சம்: மாசம் 140 ரூபாய். ஆளுக்கு 47 ரூபாய்.

ஆமா, 47 ரூபாய். மாசத்துக்கு மூணு டீ, ரெண்டு வடை. அதுக்காகத்தான் நாங்க அந்த முடிவை எடுத்தோம்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. நம்ம பேர்ல கனெக்‌ஷன் இல்லாம வெளியே 1,500 ரூபாய் கொடுத்து சிலிண்டர் வாங்கினா கிலோ 105 ரூபாய் ஆகுது. அப்போ கேஸ் செலவு 430 ரூபாய். கரண்டை விட அதிகம்! பேச்சிலர் ரூம்ல நிறைய பேர் இப்படித்தான் வாங்குறாங்க. மிச்சம் பிடிக்கிறதா நினைச்சுட்டு மாசா மாசம் கூடுதலா கொடுத்துட்டு இருக்காங்க.

செந்துறை வீடு (அப்பா, அம்மா ரெண்டு பேர்):
- 40 லிட்டர், 15 டிகிரி சூடேத்தினா போதும். சித்திரையில மொட்டைமாடி டேங்க் தண்ணியே கொதிக்குது, அப்போ எந்தக் கீசரும் வேண்டாம். கீசர் ஓடப் போறது கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான்.
- தேவை: மாசத்துக்கு 21 யூனிட் சூடு.
- கரண்ட்: 25 யூனிட். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்ங்கிறது 2016-லிருந்து இருக்கிற சலுகை. அதுக்கு மேல ஸ்லாப் ஏற ஏறத்தான் ரேட் ஏறும். கம்மியா செலவழிக்கிற வீடு. கணக்குக்கு யூனிட் 5 ரூபாய்னு வச்சா 125 ரூபாய்.
- கேஸ்: 2.1 கிலோ. 130 ரூபாய்.

அதாவது செந்துறையில மிச்சம் எதுவுமே இல்லை. "கரண்ட் செலவே இல்லை"ன்னு கடையில சொன்னது உண்மைதான். கேஸ் செலவு இருக்குன்னு சொல்லல, அவ்வளவுதான்.

உங்க வீட்டுக்கு நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி: உங்க கரண்ட் பில்லில் கடைசி ஸ்லாப் ரேட்டை எடுத்துக்கங்க. சிலிண்டர் விலையை 150-ஆல் வகுங்க. வர்ற எண், உங்க யூனிட் ரேட்டை விடக் குறைவா இருந்தாதான் கேஸ் மிச்சம். 900 ரூபாய் சிலிண்டருக்கு அது 6 ரூபாய்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைச்சோம்

ஆஸ்பத்திரி பில் வந்தப்போ ஒரு ஃப்ரெண்ட் சொன்னான்: "சிலிண்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்குடா, லட்சக்கணக்குல வரும்." பாதி உண்மை. மீதி பாதியை நாங்க அப்புறம்தான் படிச்சோம்.

இண்டேன், பாரத் கேஸ், எச்பி கேஸ் கொடுக்கிற மூணு எண்ணெய் நிறுவனங்களும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வச்சிருக்காங்க. பதிவான வாடிக்கையாளர்களுக்கு இது தானாவே உண்டு. நாம பிரீமியம் கட்ட வேண்டாம்.

- உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய்.
- மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம், ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம்.
- பதிவான முகவரியில் இருக்கிற வீட்டுக்குச் சேதம் வந்தா ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம்.

இப்ப கவனிங்க. இந்த பாலிசி எதுக்குன்னா, எல்பிஜியை முதல் காரணமா வச்சு ஏற்பட்ட தீ விபத்துக்கு. எங்க ரூம்ல தீப்பிடிக்கல. வெடிக்கல. கேஸ் ஒழுங்கா உள்ளே போய் எரிஞ்சது, காத்து இல்லாம புகை விஷமாச்சு. அடுத்தது, சிலிண்டர் எங்க மூணு பேர்ல யார் பேர்லயும் இல்லை. இதை நம்பி நாங்க எந்த க்ளெய்முக்கும் போகல. ஆபீஸ் குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ்தான் கை கொடுத்தது.

அதனால இந்த மூணையும் இந்த வாரமே பாருங்க:

1. கனெக்‌ஷன் உங்க பேர்ல, நீங்க இப்ப இருக்கிற முகவரியில இருக்கா? அப்பா பேர்ல ஊர்ல இருக்கிற கனெக்‌ஷன் வேற, உங்க ரூம் சிலிண்டர் வேற. ஊர் மாறினா டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல டிரான்ஸ்பர் வாங்கிக்கலாம். முகவரிச் சான்று இல்லாத பேச்சிலர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டையை வச்சே கிடைக்குது. கிலோ விலை கூடத்தான், ஆனா முறையான பில் இருக்கும்.
2. ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு நம்பர் ரூம்மேட்டுக்கும் தெரியுமா? நீங்க மயக்கத்துல இருக்கும்போது அதைத் தேடப் போறது அவன்தான்.
3. டெர்ம் இன்சூரன்ஸ் இருக்கா? அது விபத்தா நோயான்னு பார்க்காது. அது வாங்கற வரைக்கும், பேங்க் அக்கவுண்ட் வழியா வருஷம் 436 ரூபாய்ல 2 லட்சம் தர்ற பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தையாவது போட்டு வைங்க. நாமினி பேரை மறக்காதீங்க.

மாட்டணும்னு முடிவு பண்ணிட்டா

கேஸ் கீசரே கூடாதுன்னு நான் சொல்லல. கரண்ட் அடிக்கடி போற இடம், யூனிட் ரேட் அதிகமா இருக்கிற வீடு, பெரிய குடும்பம்னா அது நல்ல பொருள்தான். இடம்தான் முக்கியம்.

*பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்க.* பால்கனி, சர்வீஸ் ஏரியா, கொல்லைப் பக்கச் சுவர், எங்க காத்து தாராளமா ஓடுதோ அங்க. அங்கிருந்து சுடுதண்ணிக் குழாயை மட்டும் பாத்ரூமுக்குள்ள கொண்டு போங்க. மழைச் சாரலும் நேரடிக் காத்தும் அடிக்காத மாதிரி ஒரு மறைப்பு இருந்தா போதும். சம்பவத்துக்கு அப்புறம் நாங்க செஞ்சதும் இதுதான். குழாய் வேலைக்கு மொத்தம் 1,800 ரூபாய். ஆளுக்கு 600. முதல் நாளே செஞ்சிருக்கலாம்.

*எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதும்னு நினைக்காதீங்க.* காத்து வெளியே போகணும்னா வேற பக்கமா உள்ளே வரணும். கதவுக்கு அடியில, வென்டிலேட்டர்ல வழி இல்லைன்னா ஃபேன் சுத்தும், காத்து மாறாது.

*தண்ணி அழுத்தம் பாருங்க.* டேங்க் ஒரு மீட்டர் உயரத்துல இருந்தா 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். டேங்குக்கு நேர் கீழே இருக்கிற மாடி வீட்டுல அழுத்தம் பத்தாம கீசர் பத்திக்காது. வாங்கறதுக்கு முன்னாடியே பெட்டியில போட்டிருக்கிற குறைந்தபட்ச அழுத்தத்தைப் படிங்க. வாங்கின பிறகு "பீஸ் சரியில்லை"ன்னு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

*ஐஎஸ்ஐ முத்திரை, தானா அணையற டைமர், தீ அணைஞ்சா கேஸை நிறுத்துற சென்சார்* இந்த மூணும் இருக்கிற மாடலா பாருங்க. ஐநூறு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

*ட்யூப், ரெகுலேட்டர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.* கேஸ் ஏஜென்சியில கிடைக்கிற ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா ட்யூப் போடுங்க. பச்சை ட்யூப், ஒட்டுப் போட்ட ட்யூப், அடுப்பு லைன்ல நடுவுல வெட்டி இணைக்கிறது எதுவும் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், காத்தோட்டமான இடத்துல இருக்கணும். எல்பிஜி காத்தை விட கனமானது. பள்ளத்துல, அலமாரிக்குள்ள வச்சா கசிவு கீழேயே தேங்கும்.

தினமும், மாசம், வருஷம்: பராமரிப்பு

தினமும்:
- கதவைத் திறந்து வச்சுட்டு பக்கெட்டை நிரப்புங்க. கீசரை நிறுத்துங்க. அப்புறம் கதவைச் சாத்திக் குளிங்க. 20 லிட்டர் பக்கெட் மூணு, நாலு நிமிஷத்துல நிறைஞ்சுடும். 20 நிமிஷ ஷவருக்கு 4 கன மீட்டர் காத்து வேணும்னா, பக்கெட்டுக்கு ஒரு கன மீட்டர் கூட வேண்டாம். கீசர் ஏற்கனவே உள்ளே மாட்டியிருந்து, மாத்த ஓனர் ஒத்துக்கலன்னா, அதுவரைக்கும் இது ஒண்ணுதான் வழி.
- ஒருத்தர் குளிச்சதும் அடுத்தவர் உடனே போக வேண்டாம். கதவையும் ஜன்னலையும் திறந்து கொஞ்ச நேரம் விடுங்க.
- வேலை முடிஞ்சதும் ரெகுலேட்டரை மூடுங்க.

மாசம் ஒரு தடவை:
- தீயோட நிறம் பாருங்க. நீலம்னா சரி. மஞ்சளா, ஆரஞ்சா எரிஞ்சா காத்து பத்தல, இல்லைன்னா பர்னர் அடைச்சிருக்கு. பெட்டி மேல கரி படிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்துங்க.
- தண்ணி உள்ளே போற இடத்துல ஒரு சின்ன சல்லடை இருக்கும். கழட்டிக் கழுவுங்க. "கீசர் பத்த மாட்டேங்குது"ங்கிற புகாருக்கு நிறைய நேரம் இந்தச் சல்லடை இல்லைன்னா பேட்டரிதான் காரணம்.
- சோப்புத் தண்ணியை ட்யூப் மூட்டுகள்ல தடவுங்க. குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வருஷம் ஒரு தடவை (மழைக்காலம் முடிஞ்சதும், குளிர் தொடங்கறதுக்கு முன்னாடி):
- மெக்கானிக்கை வச்சு பர்னரைச் சுத்தம் பண்ணுங்க. வெயில் காலம் முழுக்க சும்மா இருந்த பர்னர்ல தூசியும் சிலந்திக் கூடும் அடைஞ்சிருக்கும்.
- உப்பு எடுக்கச் சொல்லுங்க. நம்ம அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணியில சுட வச்ச பாத்திரத்துல வெள்ளையா படியுதுல்ல, அதேதான் செம்புக் குழாய்க்குள்ளேயும் படியும். சூடு தண்ணிக்குப் போகாது, கேஸ் கூடச் செலவாகும்.
- பேட்டரி ரெண்டையும் புதுசா போடுங்க. சீசன் முடிஞ்சதும் கழட்டி வைங்க, இல்லைன்னா உள்ளேயே ஒழுகிடும்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ட்யூபை மாத்துங்க. நல்லா இருந்தாலும் மாத்துங்க. ட்யூப் மேலேயே தேதி அச்சடிச்சிருக்கும். வாங்கின பில்லை போட்டோ எடுத்து வைங்க.

சிலிண்டர் வரும்போது கழுத்துப் பட்டையில ஏ, பி, சி, டி எழுத்தோட ரெண்டு இலக்கம் இருக்கும். ஏன்னா ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே வரிசையா. எண் வருஷம். அந்தத் தேதி தாண்டியிருந்தா வாங்காதீங்க.

இந்த அறிகுறி வந்தா அலட்சியம் வேண்டாம்

- குளிச்சுட்டு வரும்போதெல்லாம் தலைவலி, வெளியே வந்தா சரியாயிடுது.
- ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல கிறுகிறுப்பு, குமட்டல்.
- கீசர் பத்திக்கும்போது "டப்"னு சத்தம்.

எங்க ரூம்மேட் அதுக்கு முந்தின வாரமே ரெண்டு தடவை தலைவலின்னு சொன்னான். நாங்க தைலம் தேய்ச்சுட்டு விட்டுட்டோம்.

யாராவது உள்ளே மயங்கியிருந்தா: கதவு, ஜன்னலைத் திறங்க, மூச்சைப் பிடிச்சுட்டுப் போய் ஆளை வெளியே இழுங்க, கீசரை நிறுத்துங்க, 108-ஐக் கூப்பிடுங்க. "கேஸ் கீசர் ஓடிட்டு இருந்தது"ன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அது தெரிஞ்சாதான் சரியான சிகிச்சை உடனே ஆரம்பிக்கும்.

கேஸ் வாசனை வந்தா: சுவிட்சை ஆன் பண்ணவும் வேண்டாம், ஆஃப் பண்ணவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அம்மாவுக்கு என்ன சொன்னேன்?

"கேஸ் கீசர் வேண்டாம்மா. நம்ம வீட்டுக்கு அதுல ஒரு ரூபாய் மிச்சம் இல்லை. பாத்ரூம் சின்னது, அப்பா கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் குளிப்பார். 15 லிட்டர் கரண்ட் கீசர் வாங்கு. எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்துட்டு மாட்டச் சொல்லு. குளிக்கப் போகும்போது சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லு."

"அப்ப கொல்லையில இருக்கிற வெந்நீர் அடுப்பை இடிச்சுடவா?"

"இருக்கட்டும்மா. கரண்ட் போனா உதவும்."

பொருள் வாங்கும்போது நாம விலையைப் பார்க்கிறோம், கொஞ்சம் விவரமானவங்க மாசச் செலவையும் பார்க்கிறாங்க. நெருப்பு எரியற பொருளுக்கு மூணாவதா ஒரு கேள்வி இருக்கு: காத்து எங்கிருந்து வருது? உங்க ரூம்ல கீசர் பாத்ரூமுக்குள்ள இருந்தா, இன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு போனதும் வென்டிலேட்டர் அடைச்சிருக்கான்னு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. அட்டையோ, தெர்மாகோலோ இருந்தா பிடுங்கிப் போடுங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

இந்தப் பதிவை ரூம்மேட்ஸ் வாட்ஸப் குரூப்ல போட்டு விடுங்க.